யானைக்காலுக்குக் காரணம் வினையா, சாக்கடையா?

(காஞ்சிபுரத்தில் நெசவாளர் கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் யானைக்கால். பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன இந்தக் காஞ்சிபுரம், வெகுகாலமாய் யானைக்காலுக்கும் பேர்போன ஊராகவே இருந்து வந்திருக்கிறது. பிள்ளையார்பாளையத்திலாகட்டும், சின்னக் காஞ்சிபுரத்திலாகட்டும், வீங்கிய காலை வேட்டியால் மறைத்துக் கொண்டு தறிக்குழியில் இறங்கும் பெரியவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அவர்களை ஏன் வந்தது என்று கேட்டால், "எல்லாம் நம் வினை" என்கிறார்கள். ஊராரும் அதையே சொல்லுகிறார்கள். கால் வீங்கிய பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைப்பதில்லை. அந்த வீட்டில் சம்பந்தம் செய்யவும் தயங்குகிறார்கள். நோயினால் படும் கஷ்டம் ஒரு பங்கென்றால், பாவியென்று பேர் வாங்கிப் படும் கஷ்டம் இரண்டு பங்கு. ஆகையால் இது வினைதானா என்று விசாரிக்க வேண்டியது நமது கடமையல்லவா?

உள்ள சங்கதி என்னவென்றால், நூலிழை போன்ற ஒருவகைப் புழு நம் உடம்பின் நிணநீர்க் குழாய்களில் குடியிருந்து, லட்சக்கணக்கில் குஞ்சுகளை இரத்தத்தில் விடுகிறது. கொசு அந்த இரத்தத்தைக் குடிக்கிறது. குஞ்சு கொசுவின் உடம்பில் பத்துப் பதினைந்து நாள் வளர்ந்து, அது அடுத்த ஆளைக் கடிக்கும்போது அவருக்குள் போய்ச் சேருகிறது. குஞ்சு கொசுவுக்குள் வளருவதை 1877ல் சீனாவில் இருந்த பாட்ரிக் மான்சன் என்னும் டாக்டர் கண்டு சொன்னார்.

இதில் ஒரு வேடிக்கையுண்டு. நம் பக்கத்தில் இந்தக் குஞ்சுகள் பகலில் பெரும்பாலும் நுரையீரல் பக்கம் ஒளிந்திருந்து, கொசு கடிக்கும் நடு இராத்திரி வேளையில்தான் தோலருகே வருகின்றன. அதனால்தான் சுகாதார ஊழியர்கள் இராத்திரியில் வந்து விரலில் குத்தி இரத்தம் எடுப்பது வழக்கமாயிற்று. பகலில் ஒளிந்து இராத்திரியில் வெளிவரும் வினையைப் பற்றி எந்தச் சாஸ்திரமாவது சொல்லியிருக்கிறதா? மேலும் இந்த வினை புண்ணியவான் பாவி என்று பார்ப்பதில்லை. சாக்கடை எங்கே தேங்குகிறது என்றுதான் பார்க்கிறது!

"கொசு எல்லோரையும்தானே கடிக்கிறது, ஒருவருக்கு மட்டும் ஏன் கால் வீங்குகிறது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு கடி இரண்டு கடியில் இது வருவதில்லை. மாதக்கணக்காய், வருஷக்கணக்காய்க் கடிபட வேண்டும. புழு குடியேறிய பலருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. சிலருக்குத்தான் நிணநீர் ஓட்டம் கெட்டு, கால்விரல் இடுக்குப் புண் வழியாகக் கிருமி நுழைந்து, காய்ச்சலும் வீக்கமும் திரும்பத் திரும்ப வந்து, கால் பருத்துப் போகிறது.

இதிலிருந்து தெரிவதென்ன? கால் வீங்கியவரின் இரத்தத்தில் பெரும்பாலும் குஞ்சுகளே இருப்பதில்லை. குஞ்சுகளைச் சுமந்து கொண்டு ஊருக்கெல்லாம் பரப்புகிறவர், நல்ல காலோடு நடக்கும் நம்மில் ஒருவராகவே இருக்கலாம். அப்படியிருக்க, வீங்கிய காலைக் கண்டு ஒதுங்குவது எவ்வளவு மடமை! தொட்டால் ஒட்டுகிற நோயல்ல இது.

இதற்காகத்தான் 2004 முதல் இந்த நோயுள்ள ஜில்லாக்களில் வருஷத்துக்கொரு தரம் எல்லோருக்கும் டி.இ.சி. மாத்திரை கொடுத்து வந்தார்கள். பின்னால் அல்பெண்டசோலும் சேர்ந்தது. "நமக்குத்தான் நோயில்லையே" என்று மாத்திரையைக் கூரையில் சொருகினவர்கள் உண்டு. நோயில்லை என்று தோன்றுகிறவரும் விழுங்கினால்தான் சங்கிலி அறும். கர்ப்பிணிகளும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும், கடும் நோயாளிகளும் மாத்திரம் விலக்கு.

நிற்க, வந்துவிட்ட காலுக்கு என்ன செய்வது? வெள்ளியில் கால் செய்து உண்டியலில் போடுகிறார்கள். அந்தப் பணத்தில் எத்தனை சோப்பு வாங்கலாம்! தினம் இரண்டு வேளை காலைச் சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு மெதுவாய்க் கழுவி, விரல் இடுக்கை ஈரமில்லாமல் ஒற்றி, புண்ணிருந்தால் மருந்திட்டு, படுக்கும்போது காலைச் சற்று உயர்த்தி வைத்து, கணுக்காலை அசைத்து வந்தால், காய்ச்சலும் வலியும் வெகுவாய்க் குறையும். பழைய வீக்கம் முழுதும் வற்றாவிட்டாலும் மேலும் பருக்காது. காய்ச்சல் கண்டால் சூடு போடவோ தேய்த்துவிடவோ கூடாது. டாக்டரிடம் போக வேண்டும். இந்தப் புழுவால் வரும் விரைவீக்கத்தை ஆப்பரேஷன் செய்து சரிப்படுத்தலாம். வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை.

இனி மூல காரணத்துக்கு வருவோம். இந்தக் கொசு அழுக்குத் தண்ணீரில் பெருகும் ஜாதி. முட்டை கொசுவாகப் பத்து நாள் போதும். ஆகவே வாரத்துக்கு ஒரு நாள் வீட்டோரச் சாக்கடையைத் தள்ளிவிட்டு, மலத்தொட்டிக் குழாயின் வாயில் வலைத்துணி கட்டுங்கள். இருட்டும் ஈரமுமான இடத்தில் கொசு அண்டும். தறிக்குழி அப்படிப்பட்ட இடமானால் அதை உலர வையுங்கள். படுக்கையில் கொசுவலை கட்டுங்கள்.

ஆனால் மஞ்சள்நீர்க் கால்வாயைத் தனியாள் சுத்தம் செய்ய முடியுமா? அது மாநகராட்சி செய்ய வேண்டிய வேலை. வினையென்று நாம் வாய்மூடிக் கிடந்தால், யாரும் சாக்கடைக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. நம் தலையெழுத்து என்பது பொறுப்பாளிகளுக்கு எவ்வளவு வசதியான பேச்சு!

பக்கத்து இலங்கையிலும் யானைக்கால் இருந்தது. அங்கும் கோயிலுண்டு, விகாரையுண்டு, வேண்டுதலுண்டு. ஆயினும் கொசுவை ஒழித்து, இரத்தம் பார்த்து, மாத்திரை கொடுத்துத்தான், 2016ல் அது பொதுச் சுகாதாரப் பிரச்னையாய் இல்லாமல் ஒழிந்ததென்று உலக சுகாதார ஸ்தாபனம் ஒப்புக் கொண்டது. அவர்களுடைய வினை மட்டும் ஒரே வருஷத்தில் தீர்ந்து போயிற்றா?

தோழர்களே, நாம் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். இன்றிரவே உங்கள் தெருச் சாக்கடையை விளக்கு வைத்துப் பாருங்கள். நெளிகிற புழுக்களைக் காண்பீர்கள். வளர்ந்து நாளை கொசுவாகப் போகிறவை அவை. பிறகு வார்டு மெம்பரிடம் பத்துப் பேராய்ப் போய்க் கேளுங்கள். வீங்கிய காலோடு தறியில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடமும் போய், "ஐயா, இது உங்கள் பாவமல்ல, எங்கள் ஊர்ச் சாக்கடை" என்று சொல்லுங்கள். அவர் தலை நிமிர அதுவே முதல் மருந்தாகும்.