வண்டி வீட்டின் சந்துகளை அடைத்தல்

(உப்பளத்தில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கேட்ட மாத்திரத்தில் அற்பமாகத் தோன்றக்கூடும். படுக்கையும் அடுப்பும் நீர்த்தொட்டியும் அமைந்த பிரயாண வண்டிகளில் உண்டாகும் சந்துகளையும் இடுக்குகளையும் அடைக்கும் முறையே அவ்விஷயம். இவ்வகை வண்டியைக் கேரவன் என்று சொல்கிறார்கள். கேரள அரசாங்கத்தார் 2021-ஆம் ஆண்டில் இதற்கெனத் தனியாக ஒரு சுற்றுலாத் திட்டத்தையே வகுத்தனர். நம்மிடையே பலர் அவ்வளவு விலை கொடுக்க இயலாமல், சாதாரண வேனிலேயே பலகையிட்டுப் படுக்கை அமைத்துக்கொண்டு சபரிமலைக்கும் வேளாங்கண்ணிக்கும் போய் வருகின்றனர். சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு வண்டியை வாங்கி வாடகைக்கு விடுவதும் உண்டு. வண்டி எதுவாயினும், மனிதர் அதனுள் இரவு தூங்குவதானால் அது ஒரு வீடேயாகும். வீட்டுக்குரிய கவலைகள் யாவும் அதற்கும் உண்டு. ஓடுகின்ற வீடாகையால் சில கவலைகள் அதிகமாகவும் உண்டு.

உப்பளத்தில் இதைப் பேசுவதற்கு விசேஷ காரணம் இருக்கிறது. இவ்வூரின் பெயரே உப்பு விளைந்த நிலத்தை நினைவூட்டுவது. கடற்காற்றில் கலந்து வரும் உப்பானது தகட்டின் விளிம்பையும் ஆணியின் தலையையும் இடைவிடாமல் அரிக்கிறது. உள்நாட்டில் பல வருஷங்கள் தாங்கும் இணைப்பு, இங்கே வெகு சீக்கிரம் வாய் திறந்துவிடுகிறது. நிலமோ தாழ்ந்தது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, ஒரு நாளைக்குள் 40 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட மழை கொட்டியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய வெள்ளத்தில் வளைகளை இழந்த எலிகள் மேடான, உலர்ந்த, இருட்டான இடத்தைத் தேடி ஓடும். நின்றுகொண்டிருக்கும் வண்டியைவிட அவற்றிற்கு வசதியான இடம் வேறு ஏது?

சந்து எவ்வளவு சிறியதாக இருந்தால் பாதகமில்லை என்று சிலர் கேட்கக்கூடும். பென்சில் நுழையக்கூடிய துவாரத்தில் சுண்டெலி நுழைந்துவிடும். அதற்கு 6 மில்லிமீட்டர் போதும். இளம் எலிக்கு 12 மில்லிமீட்டர் போதும். கரப்பான் பூச்சி தன் உடலைத் தட்டையாக்கிக்கொண்டு 3 மில்லிமீட்டர் இடுக்கிலும் புகும். எறும்புக்கும் கொசுவுக்கும் அளவு சொல்லவே வேண்டியதில்லை. எலியின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. ஆகையால் அது எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும். வண்டியில் அது கடிப்பது பெரும்பாலும் மின்கம்பியின் உறையை. உறை போன கம்பிகள் ஒன்றையொன்று தொட்டால் தீப்பற்றும். எலியின் மூத்திரம் கலந்த ஈரம், காலிலுள்ள காயத்தின் வழியாக எலிக்காய்ச்சலை உண்டாக்கும். மார்கழி வாடைக்காற்று ஒரு சந்தின் வழியாக இரவு முழுவதும் குழந்தையின் மேல் வீசினால், அந்தப் பிரயாணத்தின் சுகம் அதோடு போயிற்று.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் தேதி, கேரளத்தில் கோழிக்கோடு ஜில்லாவைச் சேர்ந்த வடகரைக்கு அருகே, சாலையோரத்தில் நின்றிருந்த ஒரு கேரவனில் இருவர் இறந்து கிடக்கக் கண்டனர். அடிதடி இல்லை, விஷ உணவும் இல்லை. மின்சாரம் உண்டாக்குவதற்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவே காரணம் என்று தெரியவந்தது. கோழிக்கோட்டுத் தேசியத் தொழில்நுட்பக் கழகத்து நிபுணர்கள் அதே வண்டியில் பரிசோதனை நடத்தி, தளத்திலிருந்த இடைவெளியின் வழியாக அவ்வாயு உள்ளே புகுந்தது என்று கண்டார்கள். இரண்டு மணி நேரத்திற்குள் அதன் அளவு காற்றின் பத்து லட்சம் பங்கில் 957 பங்காக ஏறிற்று. எலி புகக்கூடிய அதே மாதிரியான சந்து, எமனுக்கும் வழிவிட்டது.

இவ்வாயுவுக்கு நிறமில்லை, வாசனை இல்லை. நம் இரத்தம் பிராணவாயுவைப் பற்றுவதைவிட இதை இருநூறு மடங்குக்கு மேலான வலிமையுடன் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலியும் மயக்கமும் குமட்டலும் உண்டாகும். விழித்திருப்பவன் பிரயாண அலுப்பு என்று எண்ணுவான். தூங்குகிறவன் எண்ணுவதற்கே இடமில்லை.

இதைக் கேட்டவுடன், “அப்படியானால் எல்லாச் சந்துகளையும் ஒன்றுவிடாமல் அடைத்துவிடுவோம்” என்று சிலர் புறப்படக்கூடும். அதுவும் தவறு. வண்டியில் உள்ள திறப்புகள் இரண்டு வகை. தேய்ந்தும் துருப்பிடித்தும் தானாக உண்டானது ஒரு வகை. வண்டி மூச்சு விடுவதற்காகச் செய்தவன் அறிந்தே வைத்தது மற்றொரு வகை. முன்னது திருடன் போட்ட கன்னம். பின்னது வீட்டின் பலகணி. கன்னத்தை அடைக்க வேண்டும். பலகணிக்கு வலை போட வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே இவ்வேலையில் முக்கியமான பாகம்.

முதலில் சந்துகளைக் கண்டுபிடிக்கும் விதத்தைச் சொல்கிறேன். இரவில் வண்டிக்குள் பிரகாசமான விளக்கை ஏற்றிவைத்து, ஒருவர் வெளியே சுற்றிவந்து, குனிந்து அடிப்புறத்தையும் பார்க்க வேண்டும். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் சந்து. அடுத்து, காற்றுள்ள நாளில் கதவு சன்னல்களைச் சாத்திக்கொண்டு, ஊதுவத்தியைக் கொளுத்தி ஓரங்களில் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். புகை எங்கே சாய்கிறதோ அங்கே காற்று வருகிறது. மூன்றாவதாக, ஒருவர் உள்ளே இருக்க, மற்றொருவர் குழாயினால் கூரையின் மேல் நீரைக் கீழிருந்து மேலாகப் படிப்படியாகப் பாய்ச்ச வேண்டும். அப்போதுதான் எந்த இணைப்பு ஒழுகுகிறது என்று தெளிவாகும். எலி வந்து போகிறதா என்று அறிய, இரவில் தரை மூலைகளில் சிறிது கோலமாவைத் தூவிவைத்தால் போதும். விடிந்ததும் காலடி சாட்சி சொல்லும். கண்ட ஒவ்வோரிடத்தையும் சாக்கட்டியால் குறியிடுங்கள்.

அடைப்பதைத் தரையிலிருந்து தொடங்க வேண்டும். நீர்க்குழாய், மின்கம்பி, கழிவுநீர்க் குழாய் ஆகியவை தளத்தைத் துளைத்துச் செல்லும் இடங்களே எலிக்கும் புகைக்கும் ராஜபாட்டை. அடுத்து சக்கரங்களின் மேலுள்ள வளைவுகள், பின் கதவின் அடிவிளிம்பு, அதன் பிறகு சன்னல் சட்டங்கள், கடைசியாகக் கூரை இணைப்புகள்.

எதைக்கொண்டு அடைப்பது என்பதில் நம் கடற்கரையே நமக்குப் பாடம் சொல்லும். கப்பல்கள் புதுச்சேரிக் கரையை அணுக முடியாமல் தொலைவில் நங்கூரமிட்ட காலத்தில், சரக்கையும் பிரயாணிகளையும் அலை கடந்து கரை சேர்த்தவை சலங்குகள். அவற்றின் பலகைகளை இரும்பாணியால் இறுக்காமல் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். அலை மோதும்போது பலகைகள் சற்றே அசைந்து கொடுத்தன, ஆகவே பிளக்கவில்லை. கரடுமுரடான சாலையில் ஓடும் வண்டியும் அலைமேல் ஓடும் சலங்கைப் போன்றதே. சிமெண்டு, சாதாரண மக்கு முதலிய இறுகிப்போகும் பொருள்களை வைத்து அடைத்தால், சில நூறு மைல்களுக்குள் விரிசல் கண்டுவிடும். நெகிழ்ந்து கொடுக்கும் பசையே தகுந்தது. சன்னல் ஓரங்களுக்கும் குளிக்கும் இடத்துக்கும் சிலிகான் பசை உதவும். ஆனால் அதன்மேல் வர்ணம் ஒட்டாது. வர்ணம் பூச வேண்டிய இடத்திலும் அதிர்ச்சி மிகுந்த தள இணைப்பிலும் பாலியூரித்தேன் பசையை இடுக. கூரையில் தகட்டின் அடியில் பியூட்டைல் நாடாவை வைத்து, அதன்மேல் திருகாணியை முடுக்குக. கதவுகளுக்குப் புதிய ரப்பர்ப் பட்டை போடுக. ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுக்கும்போது அது எளிதில் வந்துவிட்டால் பட்டை தேய்ந்துவிட்டது என்று அறியலாம்.

பசை மட்டும் எலியைத் தடுக்காது. நுரையாகப் பீச்சும் பொருள் இருக்கிறதே, அதையும் எலி கடித்துத் துப்பிவிடும். ஆகையால் துவாரத்தில் முதலில் துருப்பிடிக்காத எஃகு வலையையோ செப்பு வலையையோ சுருட்டித் திணித்து, அதன்மேல் பசையிட வேண்டும். சாதாரண இரும்பு நார் இவ்வூர் உப்புக்காற்றில் சீக்கிரம் துருவாகிவிடும். மின்கம்பி செல்லும் துவாரத்துக்கு ரப்பர் வளையம் போட்ட பிறகே மற்ற வேலையைச் செய்க. எதையும் ஒட்டுவதற்கு முன்னால் பழைய பசையைச் சுரண்டி, துருவைத் தேய்த்து, துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். ஈரத்தின்மேல் இட்ட பசை நீர்மேல் எழுதிய எழுத்துதான்.

இனி அடைக்கக் கூடாதவற்றைச் சொல்கிறேன். கூரையிலும் சுவரிலும் உள்ள காற்றுவாரிகளுக்குக் கொசு புகாத நுண்வலை போடலாமேயன்றி மூடக்கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அது வெளியேறுவதற்காக உருளை வைக்கும் அறையின் அடியில் ஒரு துவாரம் இருக்கும். அவ்வறை படுக்கையறையோடு சேராமல் நன்கு அடைபட்டிருக்க வேண்டும். ஆனால் வெளியே போகும் அத்துவாரத்துக்கு வலையே போதும். சன்னல் சட்டத்தின் அடியில் நீர் வடிவதற்காக உள்ள சிறு பிளவுகளை அடைத்தால், மழைநீர் உள்ளே திரும்பும்.

அடைத்து முடித்த வண்டியிலும் சில நியமங்களைத் தவறாமல் அனுசரிக்க வேண்டும். எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுக்கொண்டு குளிர்சாதனக் காற்றில் தூங்கவே கூடாது. கரியடுப்பை உள்ளே கொண்டுபோகக் கூடாது. சமையல் கூடியமட்டும் வெளியே நடக்கட்டும். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் தேதி மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், தடையை மீறிக் கொண்டுவந்த எரிவாயு உருளையால் தீப்பற்றி ஒன்பது பேர் மாண்டதை நினைவில் வையுங்கள். கார்பன் மோனாக்சைடு இருப்பதைக் கண்டு ஓசையிடும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. அதைப் படுக்கையில் தலை இருக்கும் உயரத்தில் பொருத்துங்கள். எரிவாயுக் கசிவைக் காட்டும் கருவியைத் தரைக்கருகில் பொருத்துங்கள். வண்டிக்குள் இருக்கும் பலருக்கு ஒரே சமயத்தில் தலைவலியும் மயக்கமும் கண்டால், யோசித்துக்கொண்டிராமல் கதவுகளைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவந்து, உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

சங்கத்தார் இதில் செய்யக்கூடியது யாது? பசை பீச்சும் துப்பாக்கி, வலை, நாடா ஆகியவற்றை ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்கினால் பாதி வீணாகும். பசைக்குழல் ஒருமுறை திறந்தபின் நெடுநாள் இராது. சங்கம் மொத்தமாக வாங்கி, வேண்டியவருக்கு வேண்டிய அளவு கொடுத்தால் செலவு குறையும். வருஷத்துக்கு இருமுறை, ஐப்பசி மழைக்கு முன்பும் கோடைப் பிரயாணங்களுக்கு முன்பும், ஒரு நாளைக் குறித்து அங்கத்தினர்களின் வண்டிகளை ஓரிடத்தில் நிறுத்தி, ஒருவர் வண்டியை மற்றொருவர் சோதிக்கட்டும். தன் வண்டியின் ஓட்டை தன் கண்ணுக்கு எளிதில் தெரியாது. அயலான் கண்ணுக்குத் தப்பாது. கண்டதையும் அடைத்ததையும் தேதியுடன் ஒரு குறிப்புப் புத்தகத்தில் காரியதரிசி எழுதி வைக்கட்டும். வாடகைக்கு விடும் வண்டியானால், தளம் சோதிக்கப்பட்டது என்ற குறிப்பு இல்லாமல் அதை வெளியே அனுப்பக் கூடாது என்று ஒரு விதியும் ஏற்படுத்திக்கொள்ளலாம். அவ்வண்டியில் தூங்கப் போகிறவர்கள் நம்மை நம்பிக் கண்ணை மூடுகிறவர்கள் அல்லவா?

இப்போது வெளியே நான்கு வண்டிகள் நிற்கின்றன. பொழுதும் சாய்ந்துவிட்டது, விளக்குச் சோதனைக்கு ஏற்ற வேளை. விருப்பமுள்ளவர்கள் சாக்கட்டியுடன் வாருங்கள். வண்டியின் அடிப்புறத்திலிருந்து தொடங்குவோம்.