அணையா விளக்கு

(நமது ஆலய ஆடித் திருவிழாவில் நிகழ்த்தப்பெற்ற நினைவுரை)

சென்ற தை மாதம், தமது எண்பத்தேழாம் அகவையில் இறையடி சேர்ந்த பெரியவரைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். அவர் பெயரை நான் கூறப் போவதில்லை. திருவிழாதோறும் தம் செலவில் அமைத்த தண்ணீர்ப் பந்தலில் தம் பெயரை எழுத விடாதவர் அவர். திங்களூரில் அப்பூதி அடிகளார் தாம் வைத்த பந்தலுக்குத் திருநாவுக்கரசர் பெயரைச் சூட்டினார். நம் பெரியவரோ தம் தந்தையாரின் பெயரையும் எழுதவில்லை. "சயாமில் மாண்ட எல்லாருக்கும் தாகந்தானே" என்றார்.

1943ஆம் ஆண்டில் சப்பானியர் தோட்டப் பாட்டாளிகளைச் சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டு சென்றபோது அவர் சிறு பிள்ளை. சென்ற தந்தையார் திரும்பவில்லை. அன்னையாரும் தமையனாரும் பால்மரம் வெட்டி அவரை வளர்த்தனர். பின்னர் 1969ஆம் ஆண்டில், குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை உரிமம் கட்டாயமாயிற்று. உரிமம் கிடைக்காத தமையனார் குடும்பத்தோடு தமிழகத்திற்குக் கப்பலேறினார். தோட்டத்து மாரியம்மன் சந்நிதியில் தமையனார் ஏற்றி வந்த வெள்ளிக்கிழமை விளக்கு அன்று இவர் கைக்கு வந்தது. பால்மரங்கள் வீழ்ந்து செம்பனையாகி, அதுவும் வீழ்ந்து வீடுகள் எழுந்து, அம்பாள் இவ்விடத்தில் எழுந்தருளிய பின்னும் அவர் ஒரு வெள்ளியையும் தவறவிட்டதில்லை.

இனி நான் கூறுவது எனக்கு எளிதன்று.

அவர்தம் துணைவியார் பக்கவாதத்தால் ஆறாண்டுகள் படுக்கையில் இருந்தார். அக்காலத்தில் பெரியவர் செயலவைக் கூட்டங்களுக்கு வருவதில்லை. வெள்ளியன்று நடை சாத்தும் வேளையில் வந்து, விளக்கேற்றி, திருநீறு பெற்றுக்கொண்டு விரைந்து சென்றுவிடுவார். அப்போது செயலாளராய் இருந்தவன் நான். தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராதவர் பதவி இழப்பார் என்னும் விதியைக் காட்டி, அவருக்குக் கடிதம் விடுத்தேன். மறுநாளே களஞ்சியச் சாவியையும் கணக்கேட்டையும் கொண்டுவந்து ஒப்படைத்தார். (அக்கணக்கில் ஒரு காசும் பிசகவில்லை.)

"சட்டப்படிதான் செய்திருக்கிறீர்கள், தம்பி. பிள்ளைகள் மூவரும் வெளியூரில். அவளைத் திருப்பிப் படுக்க வைக்க என்னை விட்டால் ஆளில்லை" என்றார்.

"மாதத்தில் ஓரிரவு அம்பாளுக்காக ஒதுக்கக் கூடாதா?" என்று கேட்டேன். ஆம், நான்தான் கேட்டேன். அவர் ஒன்றும் கூறாமல் கைகூப்பி விடைபெற்றார். விதியை நான் குறை சொல்லவில்லை. ஒருமுறையேனும் அவர் இல்லம் சென்று பார்த்துவிட்டு எழுதியிருக்க வேண்டும். அம்மையார் மறைந்த நாளில்தான் அவ்வீட்டில் அடி வைத்தேன். ஆறாண்டுகள் கிடந்த உடலில் ஒரு படுக்கைப் புண்கூட இல்லையென்று, நீராட்டிய மகளிர் வியந்து பேசிக்கொண்டதைக் கேட்டேன்.

கருமக் கிரியைகள் முடிந்த மறுவாரமே அவர் விடியற்காலையில் வந்து, துடைப்பத்தை எடுத்துப் பிரகாரத்தைக் கூட்டத் தொடங்கினார். பதவியை மீண்டும் ஏற்குமாறு வேண்டினோம், மறுத்துவிட்டார். மன்னிப்புக் கேட்கச் சென்ற என்னிடம், "பந்தலுக்கு மோர் போதுமா, பாருங்கள் தம்பி" என்றார்.

இப்பொழுது அவருடைய பெயர்த்தி வெள்ளிதோறும் அவ்விளக்கை ஏற்றி வருகிறாள். எண்ணெய்ச் செலவை ஆலயமே ஏற்கும் என்று சென்ற மாதம் நம் பொருளாளர் தெரிவித்தார். வேண்டா என்று கூறிவிட்டாள்.