அடியில் முனகும் குரல்



நொச்சிக்குப்பத்தில் எங்கள் வீடு வாரியக் குடியிருப்பில், மாடியில். மெரினா வானொலி நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும். மூடினாலும் சத்தம் விடாது. 1986இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' கேசட்டை அந்த வீட்டில்தான் வருஷக்கணக்காகக் கேட்டேன். கேட்டதெல்லாம் வி.எஸ்.நரசிம்மனின் வயலின் ஒன்றுதான். இயர்போன் வாங்கிய அன்றைக்குத்தான் தெரிந்தது, இத்தனை நாளும் பாதி இசையை அலை தின்றிருக்கிறது. செல்லோவின் தாழ்ந்த குரல் கடலின் உறுமலில் அப்படியே கரைந்துபோயிருந்தது.

மீன் விற்றுவிட்டு வந்த கீழ்வீட்டு ஆயா, நான் தலையாட்டுவதைப் பார்த்து, இயர்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். அரை நிமிஷம் இருக்கும். "இன்னா கண்ணு, அடியில யாரோ முனகிக்கினே கீறான்?" என்றார். எனக்கு வருஷங்கள் பிடித்த சங்கதி!

அந்த முனகலைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஐரோப்பாவில் சேம்பர் இசை என்பது பெரிய அரங்குக்கு இல்லாமல், ஒரு அறைக்காக எழுதப்பட்டது. அதில் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்றால் இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. எதிரே நின்று கை வீச ஆள் கிடையாது. நாலு பேருக்கும் நாலு வழி. ஒருவர் பாட மற்றவர் பக்கவாத்தியம் என்ற கணக்கெல்லாம் அங்கே செல்லாது.

நம் ஊருக்கு வயலின் வந்தபோது கீழ்வழிகள் கூடவே வரவில்லை. சுமார் இருநூறு வருஷத்துக்கு முன் பாலுஸ்வாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். அவர் அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதர் வெள்ளைக்காரர்களின் மெட்டுகளுக்கு சாகித்யம் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். மெட்டை எடுத்துக்கொண்டு, அடியில் ஒலித்ததை விட்டுவிட்டார்கள். குறையாகச் சொல்லவில்லை. தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, ஊசலாடும். அதற்கடியில் சுருதியைத் தவிர வேறெதையாவது நீட்டிப் பிடித்தால் உரசத்தான் செய்யும்.

இந்தச் சிக்கலில்தான் நரசிம்மன் கை வைத்தார். சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களில் பேர் வாங்கியவர், 1993இல் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டைத் தொடங்கினார். முதல் வயலின் கீர்த்தனையைக் கமகம் கெடாமல் பாடும். மற்ற மூன்றும் அடியில் தங்கள் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். 'ரெசொனன்ஸ்' என்ற அவர்களுடைய தொகுப்பைக் கேட்டுப் பாருங்கள். நிதானமான காலத்தில் இது அபாரமாக அமைகிறது. வேகம் கூடினால், என் காதுக்கு, கொஞ்சம் சினிமா இடையிசை எட்டிப் பார்க்கிறது. நரசிம்மன் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

'ஹவ் டு நேம் இட்'டை இளையராஜா தியாகராஜருக்கும் ஐரோப்பிய இசைமேதை பாக்குக்கும் சமர்ப்பித்தார். அதிலிருந்து 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' இப்போது ஒலிக்கும். பாக்கின் 1720ஆம் வருஷத்துக் கைப்பிரதியில் இருக்கிற, பல பகுதிகள் கொண்ட மூன்றாவது பார்ட்டீட்டாவின் முதல் பகுதி அது. பாக் அதை ஒற்றை வயலினுக்கு எழுதினார். நரசிம்மன் வாசிக்க, சுற்றிலும் மற்ற தந்திகளைப் பேசவிட்டிருக்கிறார் ராஜா.

சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். வயலினை விட்டுவிடுங்கள், அது எப்படியும் காதில் விழும்.