இரண்டு குத்துச்சண்டை வீரர்கள், இரண்டு போர்கள்



மறைந்த நம் தோழரின் நினைவாகப் பேச அழைத்தபோது, சில வாரங்களுக்கு முன் கும்மிடிப்பூண்டியில் ஒரு தம்பி கேட்ட கேள்விதான் மனதில் இருந்தது. அவருக்கு சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலை. நைட் ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் படுக்காமல் ரோட்டோரம் ஓடுகிறார், ராணுவத் தேர்வுக்காக. "அண்ணா, நீங்க போருக்கு எதிரா கூட்டம் போடுறீங்க. நான் மிலிட்டரிக்குப் போறது தப்பா?" என்றார். அவருடைய செல்போனைத் திறந்தால் முகமது அலி படம். அன்று நான் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. இன்று அலியை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன்.

1967 ஏப்ரல் 28. ஹூஸ்டன் நகரில் ராணுவச் சேர்ப்பு மையத்தில் பெயர் வாசிக்கப்பட்டபோது அலி முன்னால் அடியெடுத்து வைக்க மறுத்தார். சாம்பியன் பட்டம் பறிபோனது. ஐந்தாண்டுச் சிறையும் 10,000 டாலர் அபராதமும் விதித்தார்கள். மேல்முறையீட்டில் இருந்ததால் சிறைக்குப் போகவில்லை. ஆனால் மூன்றரை ஆண்டுகள் மேடை ஏற முடியவில்லை. 1971 ஜூனில்தான் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. இது நமக்குத் தெரிந்த கதை. ஒன்றைக் கவனியுங்கள். 1964இல் ராணுவத்தின் எழுத்துத் தேர்வில் அலி தேறவில்லை. 1966இல் வியட்நாமுக்கு ஆள் பற்றாக்குறை வந்ததும் தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். அலி தகுதியானவர் ஆகிவிட்டார். ஆள் தேவைப்படும்போது அரசு தகுதியை இறக்கிக்கொள்ளும். இது எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

இனி இன்னொருவர், ஜோ லூயிஸ். 1938இல் ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங்கை முதல் சுற்றிலேயே வீழ்த்தியவர். 1942 ஜனவரியில் ஒரு போட்டியில் கிடைத்த பணத்தைக் கடற்படை நல நிதிக்குக் கொடுத்துவிட்டு, தாமாகவே ராணுவத்தில் சேர்ந்தார். அது வெள்ளையர் தனி, கறுப்பர் தனி என்று பிரித்து வைத்திருந்த ராணுவம். அதே மாதம் 17ஆம் தேதிதான் அலி பிறந்தார்.

பின்னாளில் அலி லூயிஸை வெள்ளையருக்குப் பணிந்தவர் என்று கேலி செய்தார். லூயிஸ் அலியின் முடிவைக் கண்டித்தார். நம் இளைஞர்களும் அலிக்குக் கைதட்டிவிட்டு லூயிஸை ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. லூயிஸின் எதிரில் ஹிட்லர் இருந்தார். வெளியில் பாசிசத்தையும் உள்ளே நிறவெறியையும் சேர்த்தே வெல்வோம் என்று கறுப்பினப் பத்திரிகைகள் அன்று எழுதின. 1948இல் ராணுவத்தில் நிறப்பாகுபாட்டை ஒழிக்கும் ஆணை வந்ததில் அந்தச் சிப்பாய்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் லூயிஸுக்கு நாடு என்ன செய்தது? வருமான வரிப் பாக்கி என்று ஆண்டுக்கணக்கில் துரத்தியது. கடைசிக் காலத்தில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதியில் விருந்தினரை வரவேற்கும் வேலை பார்த்தார்.

அப்படியென்றால் எல்லாம் காலத்தின் செயலா? அதுவும் முழு உண்மையில்லை. லூயிஸ் சேர்ந்த அதே 1942இல், படையில் சேர மறுத்த வழக்கில் எலைஜா முகமது கைதானார். பின்னர் அலி சேர்ந்த இயக்கத்தின் தலைவர் அவர்தான். அன்று மறுத்தவர்கள் தனியாக நின்றார்கள். 1967இல் அலிக்குப் பின்னால் பத்தாண்டு குடியுரிமைப் போராட்டம் இருந்தது. அவர் மறுப்பதற்கு மூன்று வாரம் முன்புதான் மார்ட்டின் லூதர் கிங் வியட்நாம் போரை வெளிப்படையாக எதிர்த்துப் பேசியிருந்தார். காலம் என்று நான் சொல்வது இதைத்தான்: நீ மறுத்தால் உன் பின்னால் எத்தனை பேர் நிற்பார்கள்?

இதற்கு அலியின் வாழ்க்கையிலேயே இன்னொரு சாட்சி உண்டு. 1980இல் அவர் சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். வடசென்னைப் பெரியவர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சிலிர்ப்பார்கள். அந்த இந்தியப் பயணத்தின்போதுதான் அமெரிக்க அதிபர் கார்ட்டரிடமிருந்து அழைப்பு வந்தது. சோவியத் படை ஆப்கானிஸ்தானில் நுழைந்திருந்த நேரம். மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கும்படி ஆப்பிரிக்க நாடுகளிடம் பேச வேண்டும் என்றார்கள். அலி இங்கிருந்து தான்சானியா போனார். அதிபர் நைரேரே அவரைச் சந்திக்க மறுத்தார். 1976இல் ஆப்பிரிக்க நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தபோது உங்கள் நாடு ஏன் எங்களோடு நிற்கவில்லை என்று பத்திரிகையாளர்கள் கேட்டார்கள். அலி தடுமாறிப் போனார். அரசை எதிர்த்து நின்ற அதே மனிதர், பதின்மூன்று ஆண்டுகளில் அரசின் தூதர்.

நம் வரலாறும் இப்படித்தான். அம்பேத்கர் பிறந்ததே மோவ் ராணுவக் குடியிருப்பில், தந்தை சுபேதார். பள்ளிக்கூடம் அந்தக் குடும்பத்துக்குப் படை வழியாக வந்தது. சென்னை மாகாணப் படையிலும் பறையர் பெருந்தொகையாக இருந்தார்கள். பிறகு 'போர்வீர இனம்' என்ற கொள்கையைச் சொல்லி நம்மைக் கழித்துக் கட்டினார்கள். முதல் உலகப் போரில் மகர் படைப்பிரிவு அமைத்தார்கள். போர் முடிந்ததும் 1921இல் கலைத்தார்கள். 1941இல் மறுபடி அமைத்தார்கள். அந்த ஆண்டு அம்பேத்கர் படையில் சேரச் சொன்னார் என்றால் அது வெள்ளைக்காரன் மீதான பக்தியில்லை. நாஜிகள் வென்றால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். மூடிய கதவு திறந்திருக்கும்போதே உள்ளே நுழைய வேண்டும் என்பதும் தெரியும்.

இப்போது அந்தத் தம்பிக்கு வருகிறேன். நம் மாவட்டத்துக்குப் போர் புதிதல்ல. ஆவடி டாங்க் ஃபேக்டரியில் 1965இலிருந்து டாங்கி வெளிவருகிறது. அந்தச் சம்பளத்தில் படித்தவர்கள் இந்த அரங்கிலும் இருக்கலாம். கும்மிடிப்பூண்டியிலேயே ஈழப் போரிலிருந்து தப்பி வந்தவர்களின் முகாம் இருக்கிறது. தம்பி, ஒருநாள் அங்கே போய் உட்கார்ந்து பேசு. குண்டு விழும் பக்கத்திலிருந்து போர் எப்படி இருக்கும் என்று சொல்வார்கள்.

நீ போவது தப்பில்லை. நிரந்தரமில்லாத வேலையில் உன்னை வைத்துக்கொண்டு, போகாதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு போ. 2022இல் வந்த அக்னிபாத் திட்டத்தில் நான்கு ஆண்டுதான். அதன்பின் நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம். மற்றவர்கள் திரும்பி வருவது இதே சிப்காட் கேட்டுக்குத்தான். லூயிஸுக்கும் 1921இன் மகர் சிப்பாய்க்கும் நடந்தது உனக்கும் நடக்கலாம்.

மீதிப் பதில் நம் எல்லோருக்கும். சிப்காட்டில் நிரந்தர வேலைக்கும் சங்க உரிமைக்கும் நாம் போராடி வென்றால், அந்தப் பிள்ளை ஓடுவதும் ஓடாததும் அவன் விருப்பமாக இருக்கும். அதுவரைக்கும் அலியின் துணிச்சலை அவனிடம் எதிர்பார்க்க நமக்கு உரிமையில்லை.