விளையாட்டு பீரியட் எங்கே போயிற்று?

(விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலாளர்களும் சுற்றுவட்டார விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கூலி, போனஸ், வேலை நிரந்தரம் என்று பேசுவதற்கே நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று பள்ளிப் பிள்ளைகளின் தேகப்பயிற்சியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலர் சிரிப்பது தெரிகிறது. சூளைச் சூட்டில் நிற்கிறவனுக்கும் சேற்றில் நாற்று நடுகிறவளுக்கும் இது என்ன புதுக் கவலை என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். அதற்குத்தான் பதில் சொல்ல வந்திருக்கிறோம்.

நம் வீடுகளில் என்ன பேசிக்கொள்கிறோம்? "பையன் பத்தாவது வந்துவிட்டான், இனி ஆட்டம் எதற்கு? கணக்கைப் போடட்டும்" என்கிறோம். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டால், நல்ல வாத்தியார், அக்கறை உள்ளவர் என்று மெச்சுகிறோம். "நம் பிள்ளைகள் தண்ணீர் சுமக்கிறார்கள், ஆடு ஓட்டுகிறார்கள். அவர்களுக்குத் தனியாகத் தேகப்பயிற்சி என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்றும் சொல்கிறோம். நாலு தடவை ஓடிவிட்டு உட்கார்ந்துகொள்கிற பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுகிறோம். இந்தப் பேச்சுக்களையெல்லாம் விஞ்ஞானிகள் பல நாடுகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த முடிவுகள் நம் தெருவுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஆராய்ச்சிக்கு அடிகோலியவர்களே தொழிலாளிகள் என்பதை முதலில் சொல்லிவிடுவோம். ஜெர்ரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர் சுமார் 31,000 பேரின் உடல்நிலையை ஆராய்ந்து 1953இல் முடிவை வெளியிட்டார். லண்டனில் ஓடியவை மாடி பஸ்கள். டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க நாளொன்றுக்கு ஐந்நூறு, அறுநூறு படிகள் ஏறி இறங்குவார். இருவரும் ஒரே கம்பெனி. வருமானத்திலும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் மாரடைப்பு டிரைவர்களுக்கே அதிகம் வந்தது. கண்டக்டர்களுக்கு வந்தாலும் உயிர் பிழைத்தவர்கள் அதிகம்.

"சபாஷ், உடலை அசைத்தால் இதயம் வலுக்கும்" என்று முடித்துவிடலாமா? மாரிஸ் அப்படி முடிக்கவில்லை. கம்பெனி கொடுத்த சீருடைகளின் அளவுக் கணக்கை எடுத்துப் பார்த்து 1956இல் இன்னொரு கட்டுரை எழுதினார். டிரைவர்களின் இடுப்பளவு கண்டக்டர்களைவிடப் பெரிதாக இருந்தது. இளம் வயதுக்காரர்களிடமே அப்படி. அப்படியானால் டிரைவர் வேலை உடம்பைக் கெடுத்ததா, ஏற்கெனவே பருத்த உடம்புக்காரர்கள் டிரைவர் வேலைக்குப் போனார்களா? தையற்காரர் எடுத்த அளவை வைத்து இவ்வளவு பெரிய கேள்வியைக் கேட்டாரே, அந்த நேர்மையை நாம் பாராட்ட வேண்டும்.

மாணவர்களைப் பற்றிய ஆராய்ச்சியிலும் இதே கண்ணிதான் இருக்கிறது. விளையாடுகிற பிள்ளைகள் அதிக மார்க் வாங்குகிறார்கள் என்று எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஷூவும் பந்தும் பாலும் முட்டையும் கிடைக்கிற வீட்டுப் பிள்ளைக்கு டியூஷனும் கிடைக்கிறது. மார்க் எதனால் வந்தது?

இது பீங்கான் ஊர். உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. இரண்டு விதக் களிமண்ணில் எது நல்லது என்று பார்க்க வேண்டுமானால், ஒன்றைச் சூளையின் மேல் தட்டிலும் மற்றதை அடித் தட்டிலும் வைத்துச் சுட்டால் என்ன தெரியும்? மேலே உள்ள சூடு வேறு, கீழே உள்ள சூடு வேறு. இரண்டையும் கலந்து, ஒரே தட்டில், ஒரே சூட்டில் வைத்தால்தான் மண்ணின் குணம் தெரியும். பிள்ளைகளையும் அப்படித்தான் சோதிக்க வேண்டும். சிலர் அப்படிச் சோதித்தார்கள்.

கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில் 1970 முதல் 1977 வரை ஒரு பரிசோதனை நடந்தது. ஒரு நகரப் பள்ளி, ஒரு கிராமப் பள்ளி; 546 ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள். அதே பள்ளிகளில் ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு வாரம் 5 மணி நேரம் கூடுதல் தேகப்பயிற்சி. அந்த நேரத்தைப் பாடத்திலிருந்தே வெட்டி எடுத்தார்கள். ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு பாட நேரம் போய்விட்டது. பெற்றோர் பயந்திருப்பார்கள் அல்லவா? முதல் வருஷம் மற்றப் பிள்ளைகளே சற்று முன்னே நின்றார்கள். இரண்டாம் வகுப்பிலிருந்து நிலைமை மாறியது. பாடம் குறைந்த பிள்ளைகள் படிப்பில் பின்தங்கவில்லை. சற்று முன்னேயே போனார்கள்.

அமெரிக்காவில் இல்லினாய்ஸில் 7 முதல் 9 வயதுப் பிள்ளைகள் 221 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குப் பள்ளி விட்டதும் ஒன்பது மாத காலம் ஓட்டமும் ஆட்டமும். 2014இல் வந்த முடிவு: ஓடி ஆடிய பிள்ளைகளுக்குக் கவனத்தைச் சிதறவிடாமல் நிறுத்துகிற திறமை மற்றவர்களைவிட அதிகம் வளர்ந்திருந்தது. அதே நாட்டுச் சுகாதார இலாகா 2010இல், அதுவரை நடந்த 50 ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தது. தேகப்பயிற்சியையும் படிப்பையும் சேர்த்துப் பார்த்த 251 ஒப்பீடுகள் அவற்றில் இருந்தன. பாதியில் நன்மை தெரிந்தது. ஏறக்குறைய மறுபாதியில் வித்தியாசமே இல்லை. கெடுதல் தெரிந்தவை நூற்றுக்கு ஒன்றரை.

இதை மிகைப்படுத்தக் கூடாது. பந்து உதைத்தால் முதல் மார்க் வரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. மைதானத்தில் போகிற நேரம் படிப்பைத் தின்றுவிடும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை என்பதுதான் நிரூபணமானது. கணக்கு வாத்தியாரிடம் மரியாதையாகவே சொல்லலாம்: "ஐயா, அந்த ஒரு பீரியடைப் பிள்ளைக்கே விட்டுவிடுங்கள்."

அடுத்தது, உழைக்கிற பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு என்ற வாதம். கோப்பன்ஹேகன் நகரத்தில் 1 லட்சத்து 4 ஆயிரம் பேரைச் சுமார் பத்து வருஷம் பின்தொடர்ந்து 2021இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் உடலை அசைத்தவர்களுக்கு இதய நோய் குறைந்தது. வேலை நேரத்தில் கடுமையாக உடலை வருத்தியவர்களுக்கு அது கூடியது! ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் விளக்கம் நமக்குத் தெரிந்ததே. வேலையில் மூட்டையைத் தூக்கினால் களைத்தபோது இறக்கிவைக்க முடியாது. மேஸ்திரி சொல்லும்போதுதான் இறக்கலாம். விளையாட்டில் மூச்சு வாங்கினால் ஓரமாக நிற்கலாம், உடம்பு தேறியதும் மறுபடி ஓடலாம். லண்டன் கண்டக்டர் ஏறி இறங்கினார். நாளெல்லாம் பாரம் சுமக்கவில்லை. பிள்ளை தலையில் குடம் வைத்துச் சுமப்பதும், அதே பிள்ளை மணிமுத்தாற்று மணலில் சடுகுடு ஆடுவதும் உடம்புக்கு ஒன்றல்ல.

இப்போது நமக்கு மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். ஓடிவிட்டு உட்கார்ந்துகொள்கிற பிள்ளை சோம்பேறியா?

தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் காலி நகரத்தில், 1980களில் ஸ்பர், ரெய்னா என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் கோடை விடுமுறை முகாம் ஒன்று நடத்தினார்கள். நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த பையன்களையும், அரை வயிற்றுப் பையன்களையும் சேர்த்தே விளையாட விட்டார்கள். காலையில் இரு சாராரும் சமமாக ஓடினார்கள். பிற்பகலில் அரை வயிற்றுப் பையன்கள் பின்தங்கினார்கள். ஓடு என்று உற்சாகப்படுத்தியும் ஓடவில்லை. சாப்பாட்டைக் கூட்டிக் கொடுத்ததும் அவர்களுடைய ஓட்டமும் கூடியது. தோழர்களே, அந்தப் பையன்களுக்குக் குறைந்தது புத்தியா, ரோஷமா? குறைந்தது சோறு. உணவு போதாதபோது உடம்பு முதலில் வெட்டுகிற செலவு விளையாட்டுத்தான்.

நம் நாட்டிலேயே வடோதராவில் பள்ளி மாணவிகளைப் படி ஏறி இறங்கச் சொல்லிச் சோதித்த ஆராய்ச்சி 2006இல் வெளிவந்தது. படி ஏறும் சோதனை எளிமையானது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1940களில் உருவாக்கினார்கள். ஒரு பெஞ்சில் தாளம் தவறாமல் ஏறி இறங்க வேண்டும்; பிறகு உட்காரவைத்து நாடியை எண்ணுவார்கள். படபடப்பு சீக்கிரம் அடங்கினால் இதயம் வலுவாக இருக்கிறது என்று பொருள். வடோதராவில் இரத்தச் சோகை உள்ள பெண் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே ஏறினார்கள். படபடப்பு அடங்கவும் அதிக நேரம் பிடித்தது. ஞாபகம், கவனம் பற்றிய சோதனைகளிலும் பின்தங்கினார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 1979இல் வந்தது. சோகையோடிருந்த தொழிலாளப் பெண்களுக்கு இரும்புச் சத்து கொடுத்ததும் பறித்த கொழுந்து கூடியது. (கொழுந்து துரைக்குக் கூடியது, அது வேறு பேச்சு.)

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தச் சோகை. அதே வயது ஆண்களில் 31. மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற பெண் பிள்ளையைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு ஞாபகத்துக்கு வரட்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி இன்னொன்று. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 146 நாடுகளில் 11 முதல் 17 வயது வரையுள்ள 16 லட்சம் மாணவர்களின் கணக்கைத் திரட்டினார்கள். நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது உடலை அசைக்க வேண்டும் என்பது அளவுகோல். 2016ஆம் ஆண்டு நிலவரப்படி நூற்றுக்கு 81 பேர் அதை எட்டவில்லை; பையன்களில் 78, பெண்களில் 85. இந்தியாவில் மொத்தம் 74. நம் நாடு கொஞ்சம் பரவாயில்லையே என்று மகிழ வேண்டாம். இங்கே கணக்கு சற்று மேலாகத் தெரிவதற்குப் பையன்களின் கிரிக்கெட் ஒரு காரணமாக இருக்கலாம், பெண்கள் செய்யும் வீட்டு வேலை ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அண்ணனுக்கு மட்டை, தங்கைக்குத் துடைப்பம். இரண்டும் ஒரே கணக்கில்!

ஏழைப் பிள்ளையின் உடம்பைப் பற்றி அரசாங்கங்கள் எப்போது கவலைப்பட்டன என்பது தனிக் கதை. போயர் யுத்தத்தில் பட்டாளத்துக்கு வந்த ஆங்கிலேய இளைஞர்கள் பலர் உடல் தகுதி இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டதும் பிரிட்டிஷ் சர்க்கார் பதறிப்போய் ஒரு கமிட்டி போட்டது. 1904இல் அறிக்கை வந்தது. 1906இல் பள்ளி உணவுச் சட்டம், 1907இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்தியப் பரிசோதனை. துப்பாக்கி தூக்கத் தோள் வேண்டும் என்றதும்தான் பிள்ளையின் வயிறு கண்ணில் பட்டது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 1920இல் தொடங்கிய மதிய உணவு, 1956இல் காமராஜர் காலத்தில் மாநிலமெங்கும் பரவி, 1982இல் சத்துணவாகி, 2022இல் ஆரம்பப் பள்ளிகளில் காலை உணவும் சேர்ந்ததே, அது பட்டாளத்துக்காக வந்ததல்ல. பிள்ளை பள்ளிக்கு வர வேண்டும் என்பதற்காக வந்தது. இப்போது காலி நகரத்து முடிவையும் சேர்த்துப் பாருங்கள். அந்தத் தட்டுச் சோறு மைதானத்துக்கும் வேண்டும்.

மாரியப்பன் தங்கவேலுவின் பெயர் உங்களுக்குத் தெரியும். சேலம் மாவட்டத்துப் பிள்ளை. காய்கறி விற்ற தாயின் மகன். ஒரு கால் ஊனமானவர். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். அவருடைய திறமையை முதலில் கண்டுகொண்டவர் பள்ளிக்கூடத்து தேகப்பயிற்சி ஆசிரியர். அப்படி ஓர் ஆசிரியர் இல்லாத பள்ளியில் எத்தனை மாரியப்பன்கள் வந்துபோனார்கள் என்பதை எந்தப் பதக்கப் பட்டியலும் சொல்லாது.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், பகுதி நேரமாவது ஒரு தேகப்பயிற்சி ஆசிரியர் வேண்டும் என்கிறது. பக்கத்திலேயே நெய்வேலியைப் பாருங்கள். 1956இல் நிலக்கரி நிறுவனம் வந்தபின் எழுந்த நகரியத்தில் வீட்டோடு மைதானமும் திட்டத்தில் இருந்தது. திட்டம் போட்டால் இடம் கிடைக்கும். மைதானத்தில் கட்டடம் கட்டுவதும் லாரி நிறுத்துவதும் யாரும் கேட்காத இடத்தில்தான் நடக்கும்.

கேட்பதற்கு வழி உண்டு. அதே சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போகிறது என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே முறை வைத்துக்கொண்டு போங்கள். பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பதையும் மைதானக் கேள்வியோடு சேர்த்தே கேளுங்கள். அது இல்லாத பள்ளியில் எந்தப் பெண் பிள்ளை ஓட வருவாள்? பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைப் பிள்ளை வாங்குகிறதா, சாப்பிட்ட பிறகு விழுங்குகிறதா என்று வீட்டில் விசாரியுங்கள். மாத்திரையோடு டீ வேண்டாம். டீ அந்தச் சத்தைத் தடுக்கும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு துண்டுத் தாள் கொண்டு வாருங்கள். உங்கள் பிள்ளையின் கால அட்டவணையில் தேகப்பயிற்சி என்று எழுதியிருப்பது வாரத்துக்கு எத்தனை பீரியட், அந்த வாரம் பிள்ளை உண்மையில் மைதானத்தில் இருந்தது எத்தனை பீரியட் என்று இரண்டு எண்களை மட்டும் அதில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். எல்லாத் தாள்களையும் கூட்டிப் பார்த்து, பள்ளிவாரியாகக் கணக்கெடுத்து, அதை வைத்துக்கொண்டு கல்வி அதிகாரியைப் பார்க்கப் போவோம்.