கடலோரத்தில் ஓய்வு நாட்கள்

ஆண்டில் ஒருமுறையேனும் குடும்பத்தோடு கடலோரம் சென்று, ஒரு சிறு வீட்டிலே நான்கைந்து நாட்கள் தங்கிவர வேண்டும் என்னும் ஆசை இன்று பல இல்லங்களில் உண்டு. பாடசாலை விடுமுறை நெருங்கியதும் பிள்ளைகள் நாட்களை எண்ணத் தொடங்கிவிடுவர். தந்தை லீவுக்கு விண்ணப்பம் எழுதுவார். தாயோ, அரிசி எத்தனை கொத்து, மிளகாய்த்தூள் எவ்வளவு, எந்தச் சட்டியை எடுத்துச் செல்வது என்ற கணக்கில் இறங்கிவிடுவாள். தாயின் இந்தக் கணக்கை நேயர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஓய்வுக்காகக் கடலை நாடுவது மிகப் பழைய வழக்கம் அன்று. கரையோர மக்களுக்குக் கடல் தொழில் செய்யும் களம். ஏனையோருக்குத் தீர்த்தமாடும் இடம். ஆடி அமாவாசையன்று கீரிமலையிலும் திருக்கோவிலிலும் கூடுவோர் பிதிர்க்கடன் கழிக்கவே வருகின்றனர். ஐரோப்பாவிலும் கடற்குளிப்பு முதலில் வைத்தியமாகவே பரவியது. றிச்சர்ட் றசல் என்ற ஆங்கில வைத்தியர் கடல்நீர் சுரப்பி நோய்களைத் தீர்க்கும் என்று 1750 இல் நூல் எழுதினார். அதன் பின்னர் செல்வர்கள் பிறைற்றன் கரைக்குத் திரண்டனர். வைத்தியர் சொற்படி கடல்நீரைக் குடித்தோரும் உண்டு. 1841 இல் லண்டனிலிருந்து அங்கு புகைவண்டி ஓடத் தொடங்கியதும் எளிய மக்களுக்கும் கடற்கரை எட்டியது. பிரித்தானியாவில் சம்பளத்துடன் கூடிய விடுமுறைச் சட்டம் 1938 இல் வந்தது. இலங்கையிலும் 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் ஆண்டுக்கு 14 நாள் விடுமுறையை ஊழியரின் உரிமையாக்கியது. கடைச் சிப்பந்திக்கும் எழுதுவினைஞருக்கும் இவ்வாறு விடுமுறை எழுதிய சட்டம், அடுக்களையில் நிற்கும் தாய்க்கு ஒரு நாளையும் எழுதவில்லை. அதை எழுத வேண்டியது குடும்பமே.

விடுமுறைக்கு இடத்தைத் தேர்வதிலும் பார்க்கக் காலத்தைத் தேர்வது முக்கியம். மட்டக்களப்புக்கு வடக்கே, வாழைச்சேனைக்கு அருகே உள்ள பாசிக்குடாவை எடுத்துக்கொள்ளலாம். பிறைபோல் வளைந்த குடா அது. புறத்தே முருகைக்கற்பார் அலையைத் தடுப்பதால், நெடுந்தூரம் நடந்து சென்றாலும் நீர் இடுப்பளவைத் தாண்டாத இடங்கள் அங்கு உண்டு. யுத்த காலத்தில் வெறிச்சோடிக் கிடந்த அக்கரையில், 2009 க்குப் பின் மீண்டும் விடுதிகள் எழுந்தன. ஆயினும் மார்கழி விடுமுறையில் அங்கு செல்பவர் ஏமாற்றமே அடைவர். அக்காலத்தில் வாடைக்காற்றும் மழையும் கீழ்க்கரையை அலைக்கழிக்கும். சித்திரை விடுமுறையும் ஆவணி விடுமுறையுமே கீழ்க்கரைக்கு உரியவை. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைப் பொழிந்துவிட்டு, வறண்டு கிழக்கே இறங்கும். மட்டக்களப்பு மக்கள் அதனைக் கச்சான் என்பர். தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று ஆதலால், கரையருகே கடல் தட்டுப்போல் அமைந்திருக்கும். நண்பகலில் அதன் வெப்பம் கடுமையானது. காலையும் மாலையும் கடலுக்கு, நடுப்பகல் நிழலுக்கு என்று வகுத்துக்கொள்வதே அறிவு.

இத்தகைய இடத்தில் ஒரு நாள் எப்படிக் கழிய வேண்டும்? கடலிலிருந்து கதிரவன் எழுவதைக் காணப் பிள்ளைகளை எழுப்பத் தேவையில்லை, அவர்களே முந்திவிடுவர். கரைவலை இழுக்கும் இடத்துக்குச் சென்றால், இரு புறமும் ஆட்கள் அணிவகுத்துக் கயிற்றை இழுப்பதையும், வலையின் மடியில் மீன் துள்ளுவதையும் காணலாம். சந்தையில் விலையாக மட்டுமே மீனை அறிந்த பிள்ளைக்கு, அதன் பின்னே உள்ள உழைப்பு அன்று விளங்கும். பின்னர் சங்கும் சோகியும் பொறுக்கலாம். மணலில் வீடு கட்டலாம். பிற்பகலில் தந்தை பாயை விரித்துப் படுத்தால் எவரும் குறைகூறப் போவதில்லை. இன்று இன்ன இடம், நாளை இன்ன இடம் என்று பட்டியல் போட்டு ஓடுபவர், வீடு திரும்பிய பின் ஓய்வுக்கு மற்றொரு விடுமுறை தேடவேண்டி வரும்.

இனித் தாயின் கணக்குக்கு வருவோம். வீட்டில் மூன்று வேளையும் அடுப்படியில் நின்றவள் கடலோரத்திலும் மூன்று வேளை நிற்பாளாயின், அவளுக்கு மாறியது குசினி ஒன்றே. அதுவும் பழகாத அடுப்பும் போதாத பாத்திரமும் உள்ள குசினி. சமையலாளர் உள்ள விடுதியாயின், அவருக்குக் கொடுக்கும் கூலி வீண்செலவு ஆகாது. அதற்கு வசதி இல்லையெனில் உணவைச் சுருக்கலாம். காலையில் பாணும் சம்பலும் வாழைப்பழமும் போதும். தேங்காய் திருவ மூத்த மகனுக்குத் தெரியாவிடில், கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் வேறில்லை. பகலுக்குச் சோறும், கரையில் வாங்கிய மீனில் ஒரு சொதியும் அமையும். மாலையில் கோப்பைகளைத் தந்தையும் பிள்ளைகளும் கழுவட்டும். அந்த நேரத்தில் தாய் கரையோரமாகத் தனியே நடந்துவரட்டும். பல ஆண்டுகளில் அவளுக்குக் கிடைத்த முதல் தனிமை அதுவாகவும் இருக்கக்கூடும்.

ஓய்வு கவனக்குறைவாக மாறிவிடலாகாது. பாசிக்குடாவின் அமைதியை ஏனைய கரைகளிலும் எதிர்பார்ப்பது ஆபத்து. வெளியே இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டவர் அதனை எதிர்த்து நீந்திக் களைப்படையாமல், கரைக்குச் சமாந்தரமாக நீந்தி அதனின்று விலகிய பின்னரே கரையை நாடவேண்டும். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதி, சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கி ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துள் ஆழிப்பேரலை கீழ்க்கரையை அடைந்தது. இந்நாட்டில் 30,000 க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதுவும் ஒரு விடுமுறைக் காலமே. கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காது மேட்டுநிலம் நோக்கி ஓடவேண்டும் என்பதை, மணல்வீடு கட்டும் வயதிலேயே பிள்ளைக்குச் சொல்லிவைத்தல் பெற்றோர் கடன்.

காலமறிந்து சென்று, கவனத்தோடு குளித்து, வேலையைப் பகிர்ந்து கழித்த நான்கு நாட்கள் குடும்பத்துக்குப் பெரும் செல்வம். ஊர் திரும்பிய பின் மகன் தேங்காய் திருவுவதை மறவாதிருந்தால், அந்த விடுமுறை இல்லத்தில் நெடுநாள் நீடிக்கும்.