எஞ்சினின் மூளையைப் படித்தல்



மோட்டார் வண்டியின் எஞ்சினுக்குள் எவ்வளவு எரிபொருள் செல்லவேண்டும், எக்கணத்தில் தீப்பொறி எழவேண்டும் என்பவற்றை முற்காலத்தில் கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் கவனித்து வந்தன. இன்று அவ்விரு பணிகளையும் ஆள்வது ஒரு சிறிய பெட்டி. எஞ்சின் கட்டுப்பாட்டுக் கருவி என்று அதனை அழைக்கிறோம். இரண்டையும் ஒருங்கே ஆளும் மோட்ரானிக் என்னும் கருவியை பாஷ் நிறுவனம் 1979-ஆம் ஆண்டில் வெளியிட்டது.

இக்கருவியின் நினைவகத்தில் எண்களாலான அட்டவணைகள் உள்ளன. இத்தனை சுழற்சிக்கு, இத்தனை சுமைக்கு, இவ்வளவு எரிபொருள் என்று அவை கூறும். வண்டியிலுள்ள சோதனைச் செருகி வழியே அவற்றைப் படிக்க இடந்தராத கருவிகளும் உண்டு. அவற்றைக் கழற்றி, மேசைமீது வைத்துக் கம்பிகளால் இணைத்துப் படிக்கின்றனர்.

இணைப்புக்குப் பெரும்பாலும் ஐந்து கம்பிகள் போதும். பாட்டரியினின்று எப்போதும் வரும் மின்சாரத்துக்கு ஒன்று, சாவியைத் திருப்பினால் வரும் மின்சாரத்துக்கு ஒன்று, எதிர்முனைக்கு ஒன்று, செய்தி சென்றுவர இரண்டு. கேன் எனப்படும் அச்செய்திக் கம்பிகளின் இரு கோடிகளிலும் 120 ஓம் மின்தடை இருத்தல் வேண்டும். ஏன்? மலையில் மோதிய குரல் எதிரொலிப்பது போல, கம்பியின் முனையை எட்டிய மின்துடிப்பும் திரும்பி வந்து செய்தியைக் குழப்பும். மின்தடை அதனை விழுங்கிவிடுகிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு அவ்விரு கம்பிகளுக்கிடையே அளந்தால் சுமார் 60 ஓம் காட்டுதல் முறை.

எந்த முனை எதற்கு என்பது கருவிக்குக் கருவி மாறும். ஊகம் இங்கே உதவாது; அக்கருவிக்குரிய மின்சுற்றுப் படமே துணை. மின்னோட்டத்துக்கு வரம்பு கட்டக்கூடிய மின்வழங்கியைக் கொண்டால், கம்பி தவறிப்போயினும் கருவி கருகாமல் தப்ப வழியுண்டு.

திருத்துவதற்குமுன் பழைய பதிவை இருமுறை படித்து, இரண்டும் ஒத்துள்ளனவா என்று பார்த்துப் பத்திரப்படுத்துதல் வேண்டும். புதியதை எழுதும்போது மின்சாரம் இடையில் அறுந்தால், நினைவகம் பாதி பழையதும் பாதி புதியதுமாக நின்றுவிடும், வண்டி கிளம்பாது. அப்போது கைகொடுப்பது அந்தப் பழைய பதிவே.

எண்களைத் திருத்த முடியும் என்பதனால் எதனையும் திருத்தலாமா? 2015-ஆம் ஆண்டில் வோக்ஸ்வாகன் நிறுவனத்தின் செய்தி உலகையே திடுக்கிடச் செய்தது. சோதனை நடப்பதை உணர்ந்து, அப்போது மட்டும் நச்சுப் புகையை அடக்கிக்காட்டும் கட்டளைகள் அதன் டீசல் வண்டிகளில் பொதிந்திருந்தன. சாலையில் அவை வெளியிட்ட நைட்ரஜன் ஆக்சைடு சட்ட வரம்பைப்போல் 40 மடங்கு வரை இருந்ததென அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. அவ்வஞ்சனை குடியிருந்ததும் இத்தகைய சிறு பெட்டிக்குள்தான். மேசையில் அமர்ந்து ஓர் எண்ணை மாற்றுபவர், தெருவில் மூச்சுவிடும் மனிதரையும் கணக்கில் கொள்ளுதல் கடமையாகும்.